கங்கா காவேரியில் கிடைத்த இடம்

காசி அன்னபூரணியின் பொன் திருவுருவத்தை நினைத்த நேரம் போய்ப் பார்க்க முடியாது. தீபாவளியை ஒட்டிய சில நாட்களுக்குத்தான் அந்த மேல்மாடக் கதவைத் திறப்பார்கள். அப்பாவின் அஸ்தியைக் கீரிமலையில் கரைத்த நாளிலிருந்து காசி, காசி என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இதை யாரோ கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு மாதம் பற்றிப் பேச்சே இல்லை. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

அப்போது பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இல்லை. கொழும்புக்குப் போய்த்தான் பறக்க வேண்டும். சென்னையிலிருந்து வாரணாசிக்கும் விமானத்திலேயே போய்விடலாம் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை.

“பிளேனில போனா இடையில இருக்கிற ஊரெல்லாம் எங்கை பாக்கிறது? கோச்சியிலயே போவம் பிள்ளை.”

அவருக்கு இந்தியா என்றால் ரயில்தான். சிறுமியாக இருந்தபோது அப்புவோடு மதவாச்சியில் வண்டி மாறி, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய், கப்பலில் தனுஷ்கோடி இறங்கி, அங்கே காத்து நிற்கும் ரயிலில் ஏறிச் சிதம்பரம் போனவர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் போர்க்காலத்தில் நின்றது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவதே நின்றுவிட்டது. 2014 ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது. அந்த இருபத்துநான்கு வருடங்களுக்குள் பிறந்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இருபது வயது வரை ரயிலில் கால் வைத்ததில்லை. ஆகவே அம்மா ரயில் என்று சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. குளிரூட்டிய பெட்டி வேண்டாம், யன்னல் திறக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கும் ஓம் என்றேன்.

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகத்தின் முதல் மாடியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டினால் வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். சப்ராவுக்குப் போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாட்கள்தான் ஓடும். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை வண்டிக்கு எங்களுக்கு ஒரு கீழ்ப் படுக்கையும் ஒரு நடுப் படுக்கையும் கிடைத்தன. அலுவலர் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, “நீங்க கேரளாவாம்மா?” என்றார். கடவுச்சீட்டு அவர் கையில் இருந்தது. யாழ்ப்பாணம் என்று சொன்னதும் இன்னொரு முறை அதை விரித்துப் பார்த்து, அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

கீழே பொதுக் கவுண்டர்களில் அதே வண்டிக்கு வரிசை நின்றது. அன்றைய விதிப்படி 120 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். தீபாவளி, அதை அடுத்துப் பீகாரில் வரும் சத் பூஜை வாரங்களில் வடக்கே போகும் வண்டிகள் திறந்த கையோடு நிரம்பிவிடும். சென்னையில் கட்டடம் கட்டும் பீகார்ப் பையனுக்குத் தன் மேஸ்திரி எந்தத் தேதியில் லீவு கொடுப்பார் என்று நான்கு மாதத்துக்கு முன்பே எப்படித் தெரியும்? அவன் கடைசி வாரத்தில் வந்து காத்திருப்போர் பட்டியலில் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு போகிறான். இணையத்தில் எடுத்த காத்திருப்பு ரிக்கற் இடம் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். கவுண்டரில் வாங்கிய தாள் கையில் இருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன் ஏறிவிடுவான். ஏறக்கூடாது என்பது சட்டம். அவனுடைய ஊரோ 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

சென்ட்ரலில் நாங்கள் போனபோது வண்டி இன்னும் மேடைக்கு வரவில்லை. முன்பதிவில்லாத பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் குந்தியிருந்தார்கள். மத்தியானத்திலிருந்தே இருக்கிறார்கள் என்று சுமைதூக்குபவர் சொன்னார். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு முதுகுப்பை. பலரிடம் பெயின்ற் வாளி. மூடி போட்ட அந்த இருபது லீற்றர் வாளிக்குள் துணி, சாப்பாடு, பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான் எல்லாம் அடங்கும். இடம் கிடைக்காவிட்டால் அதன் மேலேயே உட்காரலாம். கட்டட வேலைக்காரர்களின் பெட்டி அதுதான். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் வரிசையை இப்படியும் அப்படியும் நடந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை, எழுந்தால் இடம் போய்விடும்.

எங்கள் ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் எதிரும் புதிருமாக ஆறு, நடைபாதைக்கு அப்பால் பக்கவாட்டில் இரண்டு. எங்கள் தடுப்பில் மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, அவர்களும் அன்னபூரணியைப் பார்க்கத்தான் போகிறார்கள். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பீகார்ப் பெண்ணும் அவள் கணவனும். ஒரே படுக்கைதான் அவர்களுக்கு உறுதியாகியிருந்தது. மற்றவர்கள் எந்த எண்ணுக்கு உரியவர்கள் என்று வண்டி புறப்பட்டபோது கண்டுபிடிக்க முடியவில்லை. சூளூர்ப்பேட்டை வருவதற்குள் எட்டுப் பேருக்கான தடுப்பில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தோம். மயிலாப்பூர்க்காரர் முதலில் கடுமையாகவே சொன்னார்: “இது ரிசர்வேஷன் கோச். இங்க நிக்கக் கூடாது, அப்பறம் டி.டி.ஆர். வந்தா எறக்கி விட்டுருவார்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் மனைவிக்கு முழங்கால் வலி. காலை நீட்டுவதற்காகத்தான் நான்கு மாதத்துக்கு முன்பே பணம் கட்டி அந்தப் படுக்கையை வாங்கியிருந்தார்கள்.

அம்மாதான் முதலில் நகர்ந்தார். கால்மாட்டில் பெயின்ற் வாளியோடு நின்ற பெடியனைப் பார்த்து, “ஏன் தம்பி நிக்கிறீங்கள்? இதிலை இருங்கோ” என்றார்.

“பரவால்ல அம்மா” என்று அவன் தமிழில் சொன்னான்.

அவனுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். பீகாரின் சாரண் மாவட்டம். வண்டியின் கடைசி நிலையமான சப்ராதான் அந்த மாவட்டத்தின் தலைநகரம். சோழிங்கநல்லூரில் அடுக்குமாடிக்குச் சென்ரிங் கம்பி கட்டும் வேலை. தமிழ் நன்றாகவே பேசினான். ஆனால் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் சொன்னான். மரியாதைக் குறைவு அவனிடம் ஒரு துளியும் இல்லை. தமிழ்நாட்டில் அவனிடம் பேசியவர்கள் எல்லோரும் அவனை அப்படித்தான் பேசியிருக்கிறார்கள், வேறு தமிழ் அவன் காதில் விழவேயில்லை. அம்மா அவனோடு கதைத்த அந்த இரண்டு இரவும் ஒரு பகலும் “தம்பி, இருங்கோ, சாப்பிடுங்கோ” என்றே கதைத்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் அவனும் “அம்மா, நீங்க தூங்கு” என்ற அளவுக்கு வந்துவிட்டான்.

பத்து மணிக்கு நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டலாம் என்பது விதி, காலை ஆறு மணிக்கு மடித்துவிட வேண்டும். மாட்டிவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலை நிமிர முடியாது. அன்றிரவு பத்து மணி ஆனதும் யாரும் சொல்லாமலே அந்தப் பெடியன்கள் எழுந்தார்கள். ஒருவன் தோளில் கிடந்த கம்சாத் துண்டைத் தரையில் விரித்து எங்கள் இரண்டு படுக்கைக்கும் நடுவில் தலையை வைத்தான். இன்னொருவன் அவன் காலோடு தன் தலை வருகிற மாதிரிச் சரிந்தான். எங்கள் செருப்புகளை எடுத்துப் படுக்கைக்குக் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்றாமவன் சுருண்டான். டி.டி.ஆர். வந்தபோது காத்திருப்புத் தாள்களைப் பார்த்தார், ரசீது எழுதி அபராதம் வாங்கினார், அடுத்த நிலையத்தில் முன்பதிவில்லாத ஜெனரல் பெட்டிக்குப் போகச் சொன்னார். விஜயவாடாவில் நான்கு பேர் இறங்கி ஓடினார்கள். வண்டி நகரும்போது அந்த நான்கு பேரும் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தார்கள். அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதைக் காலையில் பல்ஹார்ஷாவில் பார்த்தேன்.

தேநீர் வாங்க இறங்கியவள், வண்டி நிற்கும் நேரம் இருந்ததால் முன்பக்கம் வரை நடந்தேன். முன்பதிவில்லாத பெட்டியில் 90 பேர் உட்கார இருக்கை உண்டு. உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. வாசற்படியில் மூவர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றவர்களின் முழங்கால். யன்னல் கம்பிக்குள் பார்த்தால், சாமான் வைக்கும் மேல் தட்டுகளுக்கு நடுவே ஒரு சேலையைக் குறுக்கே கட்டி அதற்குள் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். சேலையின் அடிப்பகுதி கீழே நின்றவரின் தலையில் முட்டியது. அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தேநீர் குடித்தார். சென்னையிலிருந்து அந்தப் பெட்டியில் ஒரு இரவு கழிந்திருந்தது. இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தன.

கம்பிகளுக்கு நடுவால் ஒரு கை வெற்றுப் போத்தலை நீட்டியது. “தீதி, பானி.” மேடைக் குழாய் ஐந்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவர் வாசலுக்கு வந்து இறங்கிக் குழாய்க்குப் போய்த் திரும்பி ஏறுவதற்குள் வண்டி போய்விடும், இருக்கையும் போய்விடும். நான் ஒரு போத்தலை நிரப்பிக் கொடுத்தேன். உடனே எட்டு, பத்துக் கைகள். என்னோடு ஒரு தேநீர்க்காரப் பையனும், பக்கத்துப் பெட்டியிலிருந்து இறங்கிய சீருடை போட்ட ஒரு இராணுவ வீரரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் நிரப்புவார், பையன் மூடியைத் திருகுவான், நான் நீட்டுவேன். சில போத்தல்கள் கம்பிக்குள் நுழைய மறுத்தன, அவற்றைப் படுக்கையாகப் பிடித்துச் செருக வேண்டியிருந்தது. ஊதல் ஊதியபோது ஒரு போத்தல் என் கையில் மிஞ்சிவிட்டது. அதை இராணுவ வீரர் பறித்துக்கொண்டு நகரும் வண்டியோடு ஓடி உள்ளே எறிந்தார்.

காந்தி 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணம் பற்றி ஒரு நீண்ட கடிதத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அதில் அவர் விவரித்தது பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பயணம். 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டி, படுக்க வசதி இல்லாத இரண்டு இரவுகள், ராய்ச்சூருக்குப் பிறகு தாங்க முடியாத நெரிசல், வழி முழுவதும் ஒரு தரம்கூடக் கூட்டப்படாத தரை. அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் 2017இன் ஜெனரல் பெட்டியைப் பார்த்தால் நூறு வருடம் எங்கே போனது என்று கேட்பார்கள். மாற்றம் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். 1977இல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே, அதுவரை வெறும் பலகையாக இருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு மெத்தை வைக்கச் செய்தார். அம்மா இரண்டு இரவு முதுகு வலியில்லாமல் படுத்தது அந்த மனிதர் எடுத்த முடிவால். ஏழைகள் போகும் பெட்டியில் ஒரு அமைச்சர் கை வைத்தால் கோடிக்கணக்கான முதுகுகளுக்கு அது தெரியும். அப்படிக் கை வைத்தவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் மனக்குறை.

நாக்பூர் தாண்டியபிறகு அந்தப் பெடியன்கள் சாப்பாட்டுக் கடை விரித்தார்கள். பெயின்ற் வாளியின் மூடி திறந்தது. உள்ளிருந்து ஒரு துணிப்பை, அதில் சத்து மா. வறுத்த கடலையை அரைத்த மா அது. எவர்சில்வர்த் தட்டில் இரண்டு கைப்பிடி கொட்டி, வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கையாலேயே நறுக்கிப் போட்டு, உப்புத் தூவி, ஒரு சின்னப் போத்தலிலிருந்து கடுகெண்ணெய் விட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கட்டை விரலால் பிசைந்தான். வண்டி ஆடியபோது தட்டைத் தூக்கிப் பிடித்தான், ஒரு துளி மா சிந்தவில்லை. உருண்டையாகப் பிடித்து முதல் உருண்டையை அம்மாவிடம் நீட்டினான்.

“சாப்பிடு அம்மா. வயிறு நிக்கும். நாலு மணி நேரம் பசிக்காது.”

கடுகெண்ணெய் வாசனை எங்களுக்குப் பழக்கமில்லை. அம்மா வாங்கி, கண்ணை மூடி, முழுவதையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, “எங்கட ஒடியல் மா மாதிரித்தான் பிள்ளை, வழிக்கு இதுதான் நல்லது” என்றார். பிறகு தன் பையைத் திறந்து பனங்கட்டிக் குட்டான்களை எடுத்தார். பனையோலையில் பின்னிய, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டான். காசியில் வைத்துப் படைப்பதற்கென்று கொண்டுவந்தது. “அன்னபூரணிக்கு இரண்டு போதும், மற்றதைக் குடு” என்றார். மயிலாப்பூர் மாமிக்கு ஒன்று, குழந்தைக்காரிக்கு ஒன்று, பெடியன்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம். ஓலையை எப்படிப் பின்னுகிறார்கள் என்று மூன்று பேர் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாமி தன் பங்குக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எடுத்து வைத்தார். மாமா கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காலியான இடத்தைக் கையால் தட்டி, நின்றுகொண்டிருந்த ஒருவனை உட்காரச் சொன்னார். அதன்பிறகு காசி வரை அந்தத் தடுப்பில் சட்டம் பற்றிய பேச்சு எழவில்லை.

வெளியே தேக்கங்காடும் மலையும் சுரங்கப்பாதைகளும் வந்தன. சாத்பூரா. யன்னல் திறந்த பெட்டியில் அந்த மலையைப் பார்த்த அம்மாவின் முகம் எனக்குப் போதும்.

இந்த நெரிசலில் பெண்கள் படும் பாட்டைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அம்மா தண்ணீரைக் குறைத்துவிட்டார். நானும் குறைத்தேன். பக்கவாட்டுப் படுக்கையில் இருந்த பீகார்ப் பெண் காலையிலிருந்தே குடிக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் மூடியில் ஊற்றிப் பருக்கினாள், தான் உதட்டை நனைத்துக்கொண்டாள். பாலூட்டும் தாய் அவள். மலசலகூடம் சில தடுப்புகளுக்கு அப்பால் இருந்தது. போகும் வழி முழுக்க ஆட்கள், வாசலில் மூட்டைகள், மலசலகூடத்தின் கதவடியில்கூட நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் அங்கே போவதென்றால் அத்தனை ஆண்களையும் எழுப்பி, உரசி, தாண்டிப் போக வேண்டும். அதைவிடத் தாகம் பரவாயில்லை என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். வருடா வருடம், வண்டிக்கு வண்டி, எத்தனை ஆயிரம் பெண்கள் இந்த முடிவை எடுக்கிறார்கள். இதைக் கணக்கில் வைக்காமல் நெரிசலைப் பற்றிப் பேசுபவர்கள் வாசலில் நின்று காற்று வாங்கியவர்கள்.

இரண்டாம் இரவு ஜபல்பூரில் இன்னும் சனம் ஏறியது. சத்னாவுக்குப் பிறகு நடைபாதையில் தரையே தெரியவில்லை. இரவு இரண்டு மணியிருக்கும், அம்மா என் காலைத் தொட்டார். “பிள்ளை, இனி ஏலாது. போகவேணும்.”

நான் கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சத்தைக் கீழே அடித்தேன். எங்கே கால் வைப்பது? தரையில் கிடந்த சாரண் பெடியன் கண் விழித்தான். என்ன என்று கேட்கவில்லை. எழுந்து குந்தி, அடுத்தவன் தோளைத் தட்டி, “மாதாஜி ஜாயேங்கி” என்றான், அம்மா போகப்போகிறார் என்று. அவன் அதற்கடுத்தவனைத் தட்டினான். அந்தச் சொல் இருட்டில் ஆள் மாறி ஆள் மாறிப் போவது கேட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. படுத்திருந்தவர்கள் எழுந்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டார்கள், ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு பாதம் வைக்கிற அளவு தரை தெரிந்தது. அம்மா ஒவ்வோர் அடியாக வைத்தார். வண்டி ஆடியபோது கீழேயிருந்து ஒரு கை அவர் முழங்கையைத் தாங்கும், அவர் நிலைத்ததும் அந்தக் கை விலகும். அடுத்த அடிக்கு இன்னொரு கை. கதவடியில் இருந்த நால்வரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் அவர்களிடம் அப்படி நிற்கச் சொல்லவில்லை.

அம்மா வெளியே வந்தபோது எங்களுக்குப் பின்னால் பீகார்ப் பெண் நின்றாள், குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு. அவளுக்குப் பின்னால் மயிலாப்பூர் மாமி. பாதை திறந்திருக்கும்போதே பெட்டியின் பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஆண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார்கள், கடைசிப் பெண் திரும்பிப் போகும் வரைக்கும். பிறகு ஒருவர் மேல் ஒருவராக மறுபடியும் சரிந்தார்கள்.

திரும்பி வந்து இருந்ததும் அம்மா முதலில் கேட்டது தண்ணீர். போத்தலில் பாதியைக் குடித்தார். மீதியை அந்தத் தாயிடம் நீட்டினார், அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

விடிந்தபோது அவள் சத் பூஜை பற்றிச் சொன்னாள். பெடியன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். தீபாவளி கழிந்து ஆறாம் நாள் மாலையில் ஆற்றில் இறங்கி அஸ்தமிக்கும் சூரியனுக்கும், மறுநாள் காலையில் உதிக்கும் சூரியனுக்கும் படையல். விரதக்காரப் பெண்கள் அதற்கு 36 மணி நேரம் தண்ணீரும் குடிப்பதில்லை. கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துத் தேக்குவா பொரிப்பார்கள். அவளுடைய மாமியார் விரதம் இருக்கிறார், உதவிக்கு மருமகள் போயாக வேண்டும். தைப்பொங்கலுக்கு நாங்களும் சூரியனுக்குத்தான் பொங்குகிறோம் என்று அம்மா சொன்னார். அதை அவன் இந்தியில் சொன்னபோது பக்கத்துத் தடுப்பிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். “சிரிலங்கா” என்றேன். ஒரு பெரியவர் கும்பிட்டார். இன்னொருவர் கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்.

கங்கையைக் கடக்கும்போது வண்டி முழுக்கக் கை கூப்பியது. வாரணாசியில் இறங்குவதற்கு எங்களுக்குக் கையால் சாமான் தூக்க வேண்டிய தேவை வரவில்லை. பெட்டிகள் தலைக்கு மேலாலேயே வாசலுக்குப் போய்விட்டன, நாங்கள் பின்னால் போனோம். மேடையில் நின்று திரும்பிப் பார்த்தபோது எங்கள் கீழ்ப் படுக்கையில் சாரண் பெடியன் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். சப்ராவுக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. சென்னையிலிருந்து அவன் முதுகு மெத்தையில் படுவது அப்போதுதான்.

கேதார் கட்டத்தில் குமாரசுவாமி மடத்தையும் அன்னபூரணியையும் அம்மா பார்த்ததைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஊருக்கு வந்தபிறகு காசி எப்படி என்று யார் கேட்டாலும் அம்மா முதலில் ரயிலைப் பற்றித்தான் சொல்வார். அந்தப் பெடியன்களின் கைகளைப் பற்றிச் சொல்வார்.

வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்து போகிறவர்கள் நெரிசலான ரயிலைப் பற்றி இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒரு சாரார் பயந்து எழுதுகிறார்கள், மறு சாரார் வாழ்க்கையே அங்கேதான் என்று வியந்து எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெட்டியில் நான் கண்ட பண்பு பெரியது. அந்தப் பண்பை நம்பித்தான் இந்த வண்டிகளே ஓடுகின்றன. அதனாலேயே அந்த மனிதர்களை அப்படி அடைத்துக்கொண்டு போவதை மன்னிக்க முடியாது. 22 பெட்டி, 24 பெட்டி கோத்த நெடுந்தூர வண்டியில் முன்பதிவில்லாதவை இரண்டோ நான்கோ மட்டும் என்றால், மிச்சப் பேர் எங்கே போவார்கள்? சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளி ஊருக்குப் போகும் வாரங்கள் எவை என்று நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும். அந்த வாரங்களுக்குப் பெட்டிகளைக் கூட்டச் சொல்லித் தமிழ்நாட்டிலிருந்து குரல் எழ வேண்டும். அங்குள்ளவர்கள் குடியிருக்கும் மாடிகளுக்குக் கம்பி கட்டியவர்கள் அவர்கள்.

இப்போது எங்கள் பக்கத்துக்கும் வழி திறந்திருக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியது. அதே வருடம் டிசம்பரில் கன்னியாகுமரியிலிருந்து பனாரஸுக்குக் காசித் தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து காசிக்குப் போக நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உடம்புக்கு முடியுமானால் ஸ்லீப்பரில் போங்கள். வழிக்குக் கெடாத சாப்பாடு கொண்டு போங்கள், நாலு பேருக்குக் கொடுக்கிற அளவு. பெண்களை வயிறாரத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், வழி விடச் சொல்லிக் கேட்டால் விடுவார்கள். பகலில் நிற்பவருக்குக் கீழ்ப் படுக்கையில் இடம் கொடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிய படுக்கை என்றால் கட்டாயம் கொடுங்கள்.